ரெண்டு நாள் கொடைக்கானல் போதுமா? மன அழுத்தத்தில் மூளைக்குள் நடப்பது என்ன?

லாங் வீக்கெண்ட் வந்தால் கொடைக்கானலில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலும் பெங்களூருவிலும் பஸ் ஏறுபவர்களில் பாதிப் பேராவது ஒரே காரணத்தைச் சொல்வார்கள்: “மண்டை சூடாயிடுச்சு. ரெண்டு நாள் மலை ஏறிட்டு வந்தா ஃப்ரெஷ் ஆயிடும்.”

ஏரியைச் சுற்றி சைக்கிள், வட்டக்கானலில் மூடுபனி, பூம்பாறை வரை ஒரு ரவுண்டு. மனசு லேசாவது உண்மைதான். ஆனால் திங்கள்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே அதே படபடப்பு, அதே எரிச்சல், அதே மறதி. “லீவு போட்டும் சரியாகலையே, கோளாறு நம்மகிட்டதானோ?” என்ற சந்தேகம் எழுவது இந்த இடத்தில்தான்.

கோளாறு ஆளிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது. மன அழுத்தம் என்பது மனசுக்குள் மட்டும் நடக்கிற விஷயம் அல்ல. மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையையே அது மாற்றி அமைக்கிறது. அந்த மாற்றம் சில நொடிகளில் நடந்துவிடும். பழைய நிலைக்குத் திரும்பத்தான் நாள் பிடிக்கும். எவ்வளவு நாள் என்பதற்கு ஆய்வுகளில் ஓரளவு பதில் இருக்கிறது.

மூளைக்குள் மூன்று அணிகள்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒரு வேலை வரும்போது, தள்ளித் தள்ளி இருக்கும் பகுதிகள்கூட ஒரே தாளத்தில் இயங்கத் தொடங்கும். இப்படிச் சேர்ந்து இயங்கும் கூட்டத்தைத்தான் ‘வலைப்பின்னல்’ என்கிறார்கள். எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இதைப் பார்க்க முடியும். மன அழுத்தத்தைப் புரிந்துகொள்ள இதில் மூன்று அணிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, எக்ஸிக்யூடிவ் கன்ட்ரோல் நெட்வொர்க். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியும் தலையின் மேல்பக்கவாட்டுப் பகுதியும் சேர்ந்த அணி. திட்டம் போடுவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவது, நாக்கு நுனிவரை வந்த கோபத்தை விழுங்குவது எல்லாம் இதன் பொறுப்பு.

இரண்டாவது, டீஃபால்ட் மோட் நெட்வொர்க். 2001-ல் மார்க்கஸ் ரெய்க்லே என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞரின் குழு இந்தக் கருத்தை முன்வைத்தது. கையில் வேலை இல்லாதபோது விழித்துக்கொள்ளும் அணி இது. பழைய நினைவு, நாளைய கற்பனை, ‘அவர் ஏன் அப்படிச் சொன்னார்?’ என்று ஒரே விஷயத்தை அசைபோடுவது ஆகியவை இங்கே நடக்கின்றன.

மூன்றாவது, சேலியன்ஸ் நெட்வொர்க். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் மாதிரி. வெளியே கேட்கும் சத்தம், உள்ளே அடித்துக்கொள்ளும் இதயம், வயிற்றுக் கலக்கம் எல்லாவற்றையும் கவனித்து, ‘இப்போது முக்கியம் எது?’ என்று முடிவு செய்யும். பயத்தை உணர்த்தும் அமிக்டலா, பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் சின்னப் பகுதி, இதோடு கைகோத்து வேலை செய்கிறது.

மற்ற இரண்டு அணிகளில் யார் களத்தில் இறங்க வேண்டும் என்று மாற்றிவிடும் சுவிட்சும் இந்தக் காவல்காரர் கையில்தான் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வினோத் மேனன் 2011-ல் இந்த மூன்றையும் ஒரே சட்டகத்தில் வைத்து விளக்கினார். பல மனநலப் பிரச்சினைகளில் பழுதாவது இந்த மாற்றிவிடும் வேலைதான் என்பது அவருடைய வாதம்.

குணா குகையில் ஒரு நொடி

2006-ல் கொச்சிக்குப் பக்கத்தில் உள்ள மஞ்சும்மலிலிருந்து ஒரு நண்பர்கள் குழு கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்தது. அவர்களில் ஒருவர் குணா குகையின் பிளவுக்குள் விழுந்துவிட்டார். அவருடைய நண்பர் ஒருவரே கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, அவரை உயிரோடு மீட்டார். 2024-ல் வந்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தால் இந்தக் கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை என்றாகிவிட்டது.

அப்படி ஒரு நொடியில் மூளை செய்வது என்ன? மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு சிறு புள்ளி இருக்கிறது. ஆபத்து தெரிந்ததும் அது மூளை முழுக்க நார்அட்ரினலினைப் பாய்ச்சுகிறது. காவல்காரர் அணியின் பகுதிகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைகின்றன. காது கூர்மையாகிறது, கை கால் தயாராகிறது. நிதானமாக யோசிக்கும் அணி ஓரமாகத் தள்ளப்படுகிறது. மேலே நின்று பட்டிமன்றம் நடத்த அப்போது நேரமில்லை.

நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதை ஸ்கேனில் பார்த்து 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். மனதை உலுக்கும் படக்காட்சிகளைப் பார்த்தவர்களின் மூளையில் சேலியன்ஸ் அணியின் பிணைப்பு கூடியது. நார்அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் மாத்திரை கொடுத்தபோது அந்தப் பிணைப்பு குறைந்தது. கார்ட்டிசால் ஹார்மோன் சுரப்பதைத் தடுத்தபோது குறையவில்லை. முதல் வேகத்தைக் கொடுப்பது நார்அட்ரினலின்தான் என்று இதிலிருந்து தெரிந்தது.

கார்ட்டிசால் பின்னால் வருகிறது. ஆபத்து தொடங்கிச் சில பத்து நிமிடங்கள் கழித்து அதன் அளவு உச்சம் தொடும். நெருக்கடி முடிந்த பிறகு காவல்காரரைத் தணித்து, யோசிக்கும் அணியை மறுபடி களத்துக்குக் கொண்டுவர அது உதவுகிறது என்று அதே ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் விளக்கினார்கள். ஆக, கொஞ்ச நேரம் வந்துபோகும் அழுத்தம் மூளைக்குப் பகை இல்லை. அது உயிரைக் காக்கும் ஏற்பாடு.

ஆம்புலன்ஸ் போன பிறகும் எடுக்காத பேரிகேட்

சீசன் நேரத்தில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையில் டிராஃபிக் நிற்கும்போது ஆம்புலன்ஸ் வந்தால் என்ன நடக்கும்? போலீஸ் வண்டிகளை ஓரம் கட்டி, பேரிகேட் போட்டு, ஒரு பாதையை ஒதுக்கிக் கொடுக்கும். பால் வண்டி, காய்கறி லாரி, ஸ்கூல் பஸ் எல்லாம் காத்திருக்கும். ஆம்புலன்ஸ் போனதும் பேரிகேட்டை எடுத்துவிட்டால் ஒருவருக்கும் நஷ்டமில்லை.

ஒரு நாளைக்கு இருபது ஆம்புலன்ஸ் வந்தால்? பேரிகேட்டை எடுக்கவே நேரம் இருக்காது. கடைசியில் அந்த ஒதுக்கிய பாதையே நிரந்தரமாகிவிடும். ஊருக்குள் காய்கறி போய்ச் சேராது.

தொடர்ச்சியான அழுத்தம் மூளையில் செய்வது ஏறக்குறைய இதைத்தான். கொடைக்கானல் தெருவில் திடீரென்று எதிரே வந்து நிற்கும் காட்டுமாடும், ராத்திரி பதினோரு மணிக்கு மேனேஜரிடமிருந்து வரும் ‘கால் மீ’ என்ற ஒற்றை வரி மெசேஜும் காவல்காரர் அணிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். காட்டுமாடு பத்து நிமிடத்தில் போய்விடும். மெசேஜ் போகாது. பின்னாலேயே டெட்லைன், அப்ரைசல், வீட்டு லோன் இ.எம்.ஐ., ‘லே-ஆஃப் வருதாமே’ என்ற வதந்தி என்று வரிசை நீளும்.

யோசிக்கும் அணி பலவீனமாகும்போது அதன் இடத்தைப் பழக்கம் பிடித்துக்கொள்கிறது. போர்ச்சுகலில் பெரிய தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. நீண்ட அழுத்தத்தில் இருந்தவர்கள், சூழ்நிலை மாறிய பிறகும் பழகிப்போன தேர்வையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். காரணமே இல்லாமல் கை போனை எடுப்பது, பசி இல்லாமலே ஸ்விகியைத் திறப்பது, படுக்கையில் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே இருப்பது எல்லாவற்றையும் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொள்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

பெங்களூரு ஆய்வகம் கண்டது

இந்தத் துறையில் உலகம் கவனித்த ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு நம் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, அழுத்தத்தில் இருந்த எலிகளின் மூளையை ஆராய்ந்தது. எலிகளைத் தினமும் 2 மணி நேரம் அசைய முடியாதபடி வைத்தார்கள். இப்படி 10 நாள்.

நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸில் நரம்பு செல்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. அது ஏற்கெனவே எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் அமிக்டலாவில் இருந்தது. அங்கே கிளைகள் வளர்ந்திருந்தன. ஒரே அழுத்தம், ஒரு பகுதியை வாட வைத்து இன்னொன்றைத் தழைக்க வைத்திருந்தது. 2002-ல் இந்த முடிவு வெளியானது.

அழுத்தம் நின்ற பிறகு என்ன ஆகிறது? எலிகளை 21 நாள் தொந்தரவில்லாமல் விட்டுப் பார்த்து 2004-ல் எழுதினார்கள். ஹிப்போகேம்பஸில் ஏற்பட்ட சுருக்கம் சரியாகிவிடும் தன்மையுடையது. ஆனால் அமிக்டலாவில் வளர்ந்த கிளைகள் 21 நாள் கழித்தும் அப்படியே இருந்தன. எலிகளின் பதற்றமும் குறையவில்லை.

2005-ல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிடக் கூர்மையானது. ஒரே ஒரு முறை, 2 மணி நேரம் மட்டும் கடுமையான அழுத்தம் கொடுத்தார்கள். மறுநாள் பெரிதாக எதுவும் தெரியவில்லை. 10 நாள் கழித்துப் பார்த்தபோது அமிக்டலாவில் புதிய இணைப்பு முனைகள் முளைத்திருந்தன, பதற்றமும் கூடியிருந்தது. ஒரு விபத்தைக் கடந்து ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொன்னவர், சில வாரம் கழித்துத் தூக்கம் கெட்டு நிற்பது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள இது ஒரு வழி காட்டுகிறது.

எலிக்கு நடப்பது அத்தனையும் அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதிலிருந்து ஒரு அடிப்படை விஷயம் தெரிகிறது. மூளையின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் மீள்வதில்லை. வேலை முடிந்து மறதி சரியான பிறகும் போன் அடித்தால் நெஞ்சு படக்கென்று அடித்துக்கொள்வது இதனால்கூட இருக்கலாம்.

மனித மூளை மீள ஒரு மாதம்

மனிதர்களைப் பற்றிய நல்ல செய்தியும் உண்டு. நியூயார்க்கில் 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பெரிய தேர்வுக்காக நான்கு வாரம் கடுமையாகப் படித்த 20 மருத்துவ மாணவர்களை ஸ்கேன் செய்தார்கள். அவ்வளவு அழுத்தம் இல்லாத 20 பேரோடு ஒப்பிட்டார்கள். படித்துக் களைத்தவர்களுக்கு, ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றும் திறன் குறைந்திருந்தது. யோசிக்கும் அணியின் பகுதிகளுக்கு இடையிலான பிணைப்பும் தளர்ந்திருந்தது.

தேர்வு முடிந்து, அழுத்தம் குறைந்த ஒரு மாதத்துக்குப் பிறகு அதே ஆட்களை மறுபடி சோதித்தார்கள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தளர்ந்த பிணைப்பு திரும்ப வந்திருந்தது.

அவர்கள் இளம் வயதினர், ஆரோக்கியமானவர்கள், தேர்வு எப்போது முடியும் என்று தெரிந்தவர்கள். ஆண்டுக்கணக்கில் முடிவு தெரியாத அழுத்தத்தில் இருப்பவருக்கு அதே ஒரு மாதம் போதும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு விஷயம் தெளிவு: மூளை மீளும். அதற்கு வாரக் கணக்கில் நேரம் வேண்டும்.

இந்தக் கணக்கில் வீக்கெண்ட் எங்கே நிற்கிறது? நெதர்லாந்தில் நீண்ட கோடை விடுமுறைக்குப் போன ஊழியர்களை ஆராய்ந்த ஜெசிகா டி ப்ளூமின் குழு 2013-ல் சொன்னது நினைவில் வைக்க வேண்டியது. விடுமுறையில் உடம்பும் மனசும் நன்றாகத் தேறின. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே அந்தப் பலன் கரைந்து பழைய அளவுக்கு வந்துவிட்டது. போனவர்கள் சராசரியாக மூன்று வாரம் லீவு எடுத்தவர்கள். இரண்டு நாளில் ஏறி இறங்குபவர்களுக்குத் திங்கள்கிழமை எப்படி இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அப்போ மலை ஏறுவது வீணா?

இல்லை. காட்டுக்குள் நடப்பது மூளையில் உடனடி மாற்றத்தைத் தருகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. பெர்லினில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனம் 63 பேரில் பாதியை காட்டிலும் மீதியை நெரிசலான கடைத்தெருவிலும் ஒரு மணி நேரம் நடக்கவிட்டு, முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தது. காட்டில் நடந்தவர்களின் அமிக்டலா பரபரப்பு குறைந்திருந்தது. கடைத்தெருவில் நடந்தவர்களுக்கு அது குறையவும் இல்லை, கூடவும் இல்லை. 2022-ல் வெளியான ஆய்வு இது. ஒன்றரை மணி நேரம் இயற்கைச் சூழலில் நடந்தவர்களுக்கு, கவலையை அசைபோடும் பழக்கமும் அதோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதியின் செயல்பாடும் குறைந்ததாக ஸ்டான்ஃபோர்டில் 2015-ல் வந்த ஆய்வு சொன்னது.

ஆக, பாம்பார் சோலைப் பக்கம் ஒரு மணி நேரம் மெதுவாக நடந்தால் காவல்காரர் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சுவிடுவார் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் பலருடைய கொடைக்கானல் ட்ரிப் அப்படி இருப்பதில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் கெட்ட பஸ் பயணம், பாயின்ட் பாயின்ட்டாக ஓட்டம், டிராஃபிக்கில் ஹாரன் சத்தம், நடுவில் ஆபீஸ் கால். பெர்லின் ஆய்வோடு ஒப்பிட்டால் இது காட்டு நடை இல்லை, கடைத்தெரு நடை.

நெரிசல் எந்த அளவுக்குப் போய்விட்டது என்பதற்கு நீதிமன்றமே சாட்சி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பு வைக்கப்பட்டது.

சமவெளியிலிருந்து இங்கே இளைப்பாற வருவது ரொம்பப் பழைய வழக்கம். 1845-ல் மதுரைப் பகுதியில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பித்துக் கோடையைக் கழிக்கத்தான் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863-ல் ஏரி உருவானது. அன்றைக்கு மலை ஏறியவர்கள் சீசனைக் கழிக்கப் போனார்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் இறங்கியாக வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏரிக்கரையில் குதிரை ஓட்டுபவருக்கும், காட்டேஜில் ரூம் சுத்தம் செய்பவருக்கும், மூன்று மாத சீசன் வருமானத்தை நம்பி வருஷம் முழுக்கக் குடும்பம் நடத்தும் டாக்ஸி டிரைவருக்கும் அதே மூடுபனி, அதே மரங்கள்தான். அதற்காக அவர்களுக்கு அழுத்தம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இடம் மட்டும் மாறி, சுமை மாறாவிட்டால் மூளைக்கு அது முழு ஓய்வு ஆகாது.

திங்கள்கிழமைக்கு என்ன வழி?

ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வருஷத்துக்கு ஒரு பெரிய ட்ரிப்பைவிட, பேரிகேட்டைத் தினமும் கொஞ்ச நேரமாவது எடுத்துவைப்பதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது.

தூக்கம் முதலில். தூக்கம் கெட்டால் யோசிக்கும் அணிக்கு அமிக்டலாவைக் கட்டுப்படுத்தும் பிடி தளர்கிறது. வீக்கெண்டில் இரண்டு இரவுத் தூக்கத்தைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டு ஓய்வு தேடுவதில் அர்த்தமில்லை. பகல் பயணம் அல்லது கூட ஒரு நாள் லீவு நல்லது.

நடை அடுத்தது. அதற்குப் பழனி மலைதான் வேண்டும் என்றில்லை. மரங்கள் இருக்கும் பூங்கா, ஏரிக்கரை, காலேஜ் கேம்பஸ் எதுவானாலும் சரி. போன் பையில் இருக்கட்டும்.

மூன்றாவது, முடிவு தெரியும் அழுத்தம். நியூயார்க் மாணவர்களின் அழுத்தத்துக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது. ‘எந்நேரமும் கூப்பிடலாம்’ என்ற நிலையில் இருக்கும் ஊழியரின் காவல்காரருக்கு ஷிப்ட் முடிவதே இல்லை. வேலை நேரத்துக்குப் பிறகு மெசேஜ் பார்க்க மாட்டேன் என்று தனி ஆள் சொல்வது எல்லா இடத்திலும் நடக்காது. அதனால் இது ஊழியர் மட்டும் சுமக்க வேண்டிய பொறுப்பில்லை. ராத்திரி கால்களைக் குறைப்பது, எடுத்த லீவில் தொந்தரவு செய்யாமல் இருப்பது, ஒரு பெரிய ரிலீஸ் முடிந்ததும் அடுத்த சில வாரங்களுக்கு வேலையை இளக்குவது ஆகியவை டீம் லீடும் நிறுவனமும் செய்ய வேண்டியவை. ஆபீஸில் யோகா கிளாஸ் வைத்துவிட்டு ராத்திரி பன்னிரண்டுக்கு மெயில் அனுப்பினால் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்கியது போலத்தான்.

சில அறிகுறிகளை ட்ரிப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல் இருப்பது, பிடித்த விஷயங்களிலும் ஆர்வம் போவது, நடந்து முடிந்த சம்பவம் கண்முன் திரும்பத் திரும்ப வருவது, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேச்சு சிகிச்சைக்கும் மருந்துக்கும் பலன் இருக்கிறது. மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.